எல்லை விளையாட்டு

“நடிப்பா? இதுக்குப் பேரு நடிப்பா மிஸ்? எம்பொண்ணு நனைஞ்ச கவுனோட மேடையில நடுங்கிட்டு நிக்கிறா, நீங்க கீழ நின்னு கை தட்டிட்டு இருக்கீங்க!”

“எல்லாரும் தட்டினாங்க மேடம்...”

“எல்லாருமா அந்தப் பொண்ணை மேடை ஏத்துனாங்க? ஏத்துனது நீங்க!”

“நான் சொல்லிக் குடுத்தது வேற மேடம். அவ செஞ்சது வேற.”

“அப்ப யாரு சொல்லிக் குடுத்தா? அவங்க அம்மாவா?”

தலைமையாசிரியரின் அறைக்கதவு சாத்தித்தான் இருந்தது. கதவுக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த சந்து வழியாக ஒவ்வொரு சொல்லும் நடைபாதைக்கு வந்து விழுந்தது. அந்த ‘அவங்க அம்மா’ கதவுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள். மகளின் தலையில் இன்னும் அட்டையில் செய்த அதிகாரித் தொப்பி. அம்மா அதை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மகள் தடுக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

உள்ளே கத்திக்கொண்டிருந்தது பள்ளித் தாளாளரின் மனைவி. பதில் சொல்லிக்கொண்டிருந்தது உலகக் குடிமைப் பாடம் எடுக்கும் டீச்சர். எந்த வகுப்புக்குப் போனாலும் இடுப்பில் பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல ஒரு பூகோள உருண்டையைத் தூக்கிக்கொண்டு போவதால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் குளோப் டீச்சர்.

அம்மா வேலை பார்ப்பது சட்டைத் தொழிற்சாலையில், பொத்தான் தைக்கும் மெஷினில். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. காலர் தைக்கிறவள் காலர்காரி, பொத்தான் ஓட்டைக்குக் காஜா அடிக்கிறவள் காஜாக்காரி, இவள் பொத்தான்காரி. வேற்று நாட்டிலிருந்து வந்தவளுக்கு அந்தப் பெயர் ஒருவிதத்தில் வசதியாகவும் இருந்தது. யாரும் எந்த ஊர், எந்த இனம் என்று நோண்டவில்லை.

பொத்தான்காரியின் கவலை ஒன்றே ஒன்றுதான். மகளுக்கு இந்தப் பள்ளியில் இடம் நிலைக்குமா, போய்விடுமா?

இந்தப் பள்ளி அவளை ஒரு பருவம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் எடுத்திருந்தது. பருவம் முடியப் போகிறது. இடம் இல்லை என்று சொல்லிவிட்டால் மகள் போகவேண்டியது ஊருக்கு வெளியே இருக்கிற நிலையத்துக்கு. காகிதம் இல்லாமல் வந்த பிள்ளைகளை எல்லாம் பகலில் அங்கேதான் அடைத்து வைப்பார்கள். பள்ளி என்று பேர் இல்லை, நிலையம். பாலர் வகுப்புக்குப் போகவேண்டியதும் மீசை முளைத்ததும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க வண்ணம் தீட்டும். மகள் அங்கே இரண்டு வருஷம் இருந்திருக்கிறாள். திரும்பத் திரும்ப ஒரே வாத்துக்கு மஞ்சள் அடித்திருக்கிறாள். ஏழாம் வகுப்பில் இங்கே வந்த பிறகுதான் வீட்டில் கணக்குப் போடுகிற சத்தமே கேட்டது. சத்தம் போட்டுத்தான் கணக்குப் போடுவாள். அந்தச் சத்தத்துக்காகப் பொத்தான்காரி எதை வேண்டுமானாலும் செய்வாள்.

பள்ளி இவளைச் சும்மா எடுக்கவில்லை. ‘உலகக் குடிமக்கள் பள்ளி’ என்று ஒரு அங்கீகாரம் இருக்கிறதாம். அது கிடைத்தால் வாசலில் பலகை வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாகப் படிப்பதைக் குழு வந்து பார்க்கவேண்டும். பணக்கார நாட்டுப் பிள்ளைகள் இங்கே ஏற்கெனவே இருந்தார்கள். துரத்தப்பட்ட பிள்ளை ஒன்று குறைவாக இருந்தது.

“குழுவுக்கு முன்னாடி ஒரு பாட்டு, ஒரு நடனம்னு வச்சா போதாது சார்” என்று குளோப் டீச்சர்தான் அடித்துப் பேசியிருக்கிறாள். “பிள்ளைங்க அடுத்தவங்க வலியை உணரணும். நான் எல்லை விளையாட்டு வைக்கிறேன்.”

எல்லை விளையாட்டு இதுதான். மேடைக்குக் குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்குப் பக்கத்தில் மேசை, அதிகாரி, காவலர்கள். சில பிள்ளைகள் மூட்டையோடு வரிசையில் வருவார்கள். அதிகாரி கேள்வி கேட்டுத் தடுப்பார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து கயிற்றை அறுத்து, ‘உலகக் குடிமகன்’ என்று அச்சடித்த அட்டைப் பாஸ்போர்ட்டை ஒருவருக்கொருவர் கொடுத்து, டீச்சரே எழுதிய பாட்டைப் பாடுவார்கள்.

அதிகாரி யார் என்று வந்தபோது டீச்சருக்கு ஒரு பெரிய யோசனை உதித்தது. வகுப்பிலேயே உண்மையான எல்லையைத் தாண்டி வந்த ஒரே பிள்ளையை மேசையில் உட்கார வைத்தால் என்ன?

“எப்பவும் அவங்களைப் பாவப்பட்டவங்களாவே நடிக்க வைக்கிறோம். அதிகாரம் அவ கைக்கு வரட்டும். மனசு ஆறும்” என்று ஆசிரியர் அறையில் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் மகளைத் தனியாகக் கூப்பிட்டும் கேட்டாள்.

“நீ பாத்திருக்கேல்லடா கண்ணா? அங்க எப்படிக் கேப்பாங்க? எதை ஒளிச்சு வைப்பீங்க?”

“அப்பாவை மாமான்னு சொல்லணும் மிஸ்.”

“எதுக்கு?”

“அப்பான்னா பிடிச்சுப்பாங்க. தேடுற ஆளு.”

டீச்சருக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. “எவ்வளவு உண்மையா இருக்கு! அதையே வச்சுப்போம். ஒரு சின்னப் பொண்ணு, ஒரு அப்பா. அவ மாமான்னு சொல்வா. நீ அங்க பாத்த மாதிரியே கேளு. சிரிச்சிடாதே. அப்பத்தான் பாக்கிறவங்களுக்கு உறைக்கும்.”

அன்று சாயங்காலம் மகள் வீட்டில் இவ்வளவுதான் சொன்னாள்: “அம்மா, நான்தான் ஆபீசர்.”

பொத்தான்காரிக்குக் கொஞ்சம் திக்கென்றது. ஆனாலும் இடம் கண்முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. “டீச்சர் என்ன சொல்றாங்களோ அதைச் செய். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்” என்றாள்.

விழாவுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். காஜாக்காரியும் தொற்றிக்கொண்டு வந்தாள். இவளை வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான். வாய் நீளம், மனசு வெள்ளை.

“ஏண்டி, உம்மவ ஆபீசராமே! எனக்கொரு வேலை போட்டுக் குடுக்கச் சொல்லு.”

“சும்மா இருக்கா.”

“இந்த மெஷின்ல உக்காந்து உக்காந்து என் இடுப்பே காஜா மாதிரி ஓட்டையாப் போச்சு. ஒரு நாற்காலி வேலையா இருந்தா நல்லாருக்கும்.”

கூடத்தில் குழு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. தாளாளர் கோட்டுப் போட்டிருந்தார். விளையாட்டில் அப்பாவாக வருகிற பையனுக்குக் காலையிலிருந்து வாந்தி என்று டீச்சர் பதறி ஓடி வந்தாள். தாளாளரே எழுந்தார்.

“நான் வர்றேன் மிஸ். எம்பாப்பாவும் வரட்டும். நாமளும் அகதியா நின்னு பாப்போமே.”

கூடம் ஆரவாரித்தது. பாலர் வகுப்பில் படிக்கிற பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் மேடையேறினார். “என்னை மாமான்னு சொல்லணும், சரியா?” என்று காதில் ஓதுவது மைக்கில் கேட்டது. மறுபடி ஒரு சிரிப்பு.

ஆரம்பம் கலகலப்பாகத்தான் போனது. காவலனாக வந்த பையனின் ஒட்டு மீசை பாதி பிய்ந்து தொங்கியது. மூட்டைக்குள் பாட்டி வேஷத்துக்குச் சுருட்டி வைத்த போர்வை அவிழ்ந்து ஒருத்தி காலில் சுற்றியது. காஜாக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. மேசையில் கையை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்த உட்காரலைப் பார்த்ததுமே பொத்தான்காரிக்கு அடையாளம் தெரிந்தது. எல்லையில் அந்த அதிகாரி அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

தாளாளரும் பாப்பாவும் மேசைக்கு வந்தார்கள்.

“இவரு யாரு?”

“மாமா” என்றாள் பாப்பா, பெருமையாக. கூடம் கை தட்டியது.

மகள் எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்து பாப்பாவின் முன்னால் குந்தினாள். குரல் தேனாக இருந்தது.

“ஐயோ, எவ்வளவு அழகான ஷூ! கயிறெல்லாம் எவ்வளவு நல்லா கட்டியிருக்கு. நீயே கட்டுனியா?”

பாப்பா தலையை ஆட்டி இல்லை என்றாள்.

“அப்ப யாரு கட்டிவிட்டா?”

“அப்பா” என்று பாப்பா தாளாளரைத் தொட்டுக் காட்டினாள்.

“நல்ல பொண்ணு” என்றாள் மகள். சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். எழுந்து, காவலர்களைப் பார்க்காமலே, “கூட்டிட்டுப் போ” என்றாள்.

கூடமே அசந்துபோயிற்று. கைதட்டல் அடங்க நேரமானது. குழுவில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ மெச்சினார். தாளாளர் சிரித்துக்கொண்டே திரைக்குப் பின்னால் போனார். அங்கே இருந்த கதவை மீசைக்காரப் பையன் சாத்தினான். சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

“அப்பா எங்க?” என்றாள் பாப்பா.

“பிடிச்சிட்டுப் போயாச்சு.”

“எங்கப்பா வேணும்.”

“நீதானே காட்டிக் குடுத்தே? நீ வாயைத் தொறக்கலைன்னா உங்கப்பா இங்க நின்னிருப்பாரு.”

பாப்பாவின் உதடு பிதுங்கியது. டீச்சர் மேடை ஓரத்திலிருந்து “கயிறு, கயிறு” என்று சைகை காட்டினாள். கயிற்றை அறுக்கிற பிள்ளைகள் கத்தரிக்கோலோடு தயாராக நின்றார்கள். மகள் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினாள். அவர்களும் நின்றுவிட்டார்கள். அந்தக் கை அப்படி இருந்தது.

“அழக்கூடாது. பிஸ்கட் குடுத்தேன்ல? தின்னு. நீ தின்னு முடிச்சாத்தான் அடுத்த ஆளு. பாரு, உன்னாலதான் எல்லாரும் நிக்கிறாங்க.”

பாப்பா அலறினாள். அலறிக்கொண்டே, பயத்தில் பிஸ்கட்டையும் கடித்தாள். வாயெல்லாம் மாவு. காலோடு ஈரம் இறங்கியது.

அதற்குப் பிறகு மகள் செய்ததுதான் பொத்தான்காரியை அடியோடு சாய்த்தது. மகள் வேறொரு குரலில் பேசினாள். தணிந்த, கெஞ்சுகிற, வளர்ந்த பெண்ணின் குரல். “தின்னுடு கண்ணு. பேசாம தின்னுடு. அம்மா சொல்றேன்ல.”

அது பொத்தான்காரியின் குரல்.

வெயில் கொளுத்திய அந்த மத்தியானம், எல்லைத் தகரக் கொட்டகையில், அந்த அதிகாரி நீட்டிய பிஸ்கட்டை மகளின் வாய்க்குள் திணித்தவள் அவள்தான். வேறென்ன செய்ய முடியும்? பின்னால் வரிசை நின்றது, முன்னால் துப்பாக்கி நின்றது. அப்போது மகளுக்கு ஐந்து வயது. மறந்திருப்பாள் என்றுதான் இத்தனை காலம் நம்பினாள். “அப்பா பின்னாடி வர்றாருடா. வேற வழியா வர்றாரு” என்றுதான் சொல்லி வளர்த்தாள். மகளும் ஒருநாள்கூட எதிர்க் கேள்வி கேட்டதில்லை. கேட்காததை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டிருந்தாள், பாவி.

“அடியே, என்னடி இது” என்றாள் காஜாக்காரி. அவள் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

தாளாளரின் மனைவி மேடைக்கு ஓடியதும், தாளாளர் கதவைத் தட்டிக் கத்தியதும், குழு எழுந்து டீ குடிக்கப் போனதும் பிறகு நடந்தவை.

கதவு திறந்தது. “உள்ள வாங்கம்மா” என்றார் தலைமையாசிரியர்.

அவர் கெட்டவர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். தாளாளரின் மனைவி சோபாவில் பாப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாளாளர் குழுவைச் சமாதானப்படுத்தப் போயிருந்தார். குளோப் டீச்சர் சுவரோரம், உருண்டையை மார்போடு அணைத்தபடி.

“ஒளிவு மறைவு இல்லாம பேசிடலாம்மா” என்றார் தலைமையாசிரியர். “மேடையில உங்க பொண்ணு செஞ்சது... அது அவளுக்கு நிஜமா நடந்ததா?”

பொத்தான்காரி வாயெடுப்பதற்குள் அவரே கையமர்த்தினார்.

“பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணைத் தெரிஞ்சுக்கோங்க. நிஜமா நடந்திருந்தா, நான் வருத்தப்படுறேன். மனசுல அடிபட்ட பிள்ளை. ஆனா அப்படிப்பட்ட பிள்ளைங்களைப் பாத்துக்க எங்ககிட்ட ஆளு இல்ல. மத்த பிள்ளைங்க பாதுகாப்பையும் நான் பாக்கணும். நிலையத்துக்குத்தான் அனுப்பியாகணும், விதி அப்படி.”

“இல்லைன்னா சார்?”

“நடக்கலைன்னா, எங்கேயோ பாத்ததை, கேட்டதைச் செஞ்சிருக்கான்னா, அது குறும்பு. பாப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டா முடிஞ்சு போச்சு. அடுத்த பருவமும் இங்கயே படிக்கலாம்.”

“என்ன சார் இது, கேள்வியையும் நீங்களே குடுத்து விடையையும் நீங்களே குடுக்கிறீங்க” என்றாள் தாளாளரின் மனைவி.

“மேடம், குழு நாளைக்கும் வருது. ஒரு பிள்ளையை இன்னிக்கு வெளிய அனுப்பினோம்னா பலகை வராது.”

அவள் அடங்கிப்போனாள்.

பொத்தான்காரி சுவரைப் பார்த்தாள். பிள்ளைகள் வரைந்த படங்கள் ஒட்டியிருந்தன. பல நிறக் கைகள் ஒன்றையொன்று பிடித்து உலகத்தைச் சுற்றி நின்றன. அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. மஞ்சள் வாத்துதான் தெரிந்தது.

“பொய் சார்” என்றாள்.

“என்னது?”

“அப்படி எதுவும் நடக்கல. நாங்க பஸ்ஸில வந்தோம். யாரும் எங்களை நிறுத்தல. சின்ன வயசுலேருந்தே இவ கதை கட்டுவா சார்.”

“அவங்க அப்பா?”

பக்கத்தில் மகள் மூச்சு விடுவது கேட்டது. அப்பா பின்னால் வருகிறார் என்று இப்போது சொன்னால், எங்கே, எப்போது, ஏன் இன்னும் வரவில்லை என்று நூல் பிடித்துக்கொண்டே போவார்கள்.

“அவரு நோயில போய்ட்டாரு சார். ஊர்லயே. இவ பொறந்து கொஞ்ச நாள்ல. இவ அவரைப் பாத்ததே இல்ல.”

சொல்லிவிட்டாள். ஏழு வருஷமாக எந்தக் காகிதமும் எந்த மனுஷனும் சொல்லாத சாவை அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். மகளின் மூச்சு ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

தலைமையாசிரியர் டீச்சர் பக்கம் திரும்பினார். “மிஸ், உங்ககிட்ட இவ ஏதாவது சொல்லியிருக்காளா?”

குளோப் டீச்சருக்கு எல்லாம் தெரியும். அப்பாவை மாமா என்று சொல்வது எப்படி விளையாட்டுக்குள் வந்தது என்று தெரியும். உண்மை சொன்னால் பிள்ளை நிலையத்துக்குப் போகும். கூடவே, தெரிந்துதானே மேடை ஏற்றினாய் என்று தன் வேலையும் போகும். இரண்டில் எதற்காக என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது.

“கற்பனை வளம் ஜாஸ்தி சார் அவளுக்கு” என்றாள், உருண்டையைப் பார்த்துக்கொண்டு.

“நீ சொல்லும்மா” என்றார் அவர் மகளிடம். “அம்மா சொல்றது சரியா?”

மகள் அம்மாவைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. ஒரு கணக்கை முதலிலிருந்து சரிபார்க்கிற பார்வை.

“ஆமா சார். சும்மா சொன்னேன்.”

“எங்க பாத்தே இதெல்லாம்?”

“டிவியில.”

“எங்க வீட்ல டிவி இல்ல” என்று பொத்தான்காரி உளறிவிட்டு, “பக்கத்து வீட்ல சார், பக்கத்து வீட்ல போய்ப் பாத்திருப்பா” என்று மென்று விழுங்கினாள்.

“இதான். கண்ட கருமத்தையும் பாக்க விட்டுட வேண்டியது” என்றாள் தாளாளரின் மனைவி. “கேளு மன்னிப்பு.”

மகள் சோபாவுக்குப் போனாள். பாப்பா அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“ஸாரி பாப்பா. நான் சொன்னதெல்லாம் பொய். உன்னால எதுவும் ஆகல.”

“சத்தமா சொல்லு.”

“உன்னால எதுவும் ஆகல.”

அந்தச் சொல்லை மகளிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஏழு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்தும் பொத்தான்காரி சொல்லவில்லை. இனி சொல்லவும் முடியாது. நடக்காத ஒன்றுக்கு யார் ஆறுதல் சொல்வார்கள்?

“குட்” என்றார் தலைமையாசிரியர். முகத்தில் பாரம் இறங்கியிருந்தது. டீச்சர் வேகமாக வந்து மகளின் தலையைத் தடவி, கையில் இருந்த கட்டிலிருந்து ஒரு அட்டைப் பாஸ்போர்ட்டை உருவிக் கொடுத்தாள். “மேடையில குடுக்க முடியாம போச்சு. நாளைக்குக் குழு வர்றப்போ இதைச் சட்டையில குத்திட்டு வா, என்ன?”

மகள் “தேங்க்யூ மிஸ்” என்றாள்.

கேட்டுக்கு வெளியே காஜாக்காரி காத்துக்கொண்டிருந்தாள். “என்னடி ஆச்சு? இடம் இருக்கா, போச்சா?”

“இருக்குக்கா.”

“அப்பாடா! வயித்துல பால வார்த்தே” என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். பிறகு இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அவளாகவே, “எனக்குக் கடைக்குப் போகணும்” என்று விலகிக்கொண்டாள்.

பொத்தான்காரியும் மகளும் நடந்தார்கள். பஸ்கள் போயின. பள்ளி விட்ட பிள்ளைகள் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு முந்திப் போயின. பொத்தான்காரி மகளின் கையைப் பிடித்தாள். மகள் கையைக் கொடுத்தாள், ஆனால் அதில் பிடி இல்லை. கடையில் வாங்கிய எதையோ தூக்கிப் போவதுபோல இருந்தது.

“கண்ணு, அம்மா அங்க எதுக்கு அப்படிச் சொன்னேன்னா...”

“தெரியும்மா.”

“அப்பா...”

“அம்மா” என்று மகள் நின்றாள். குரல் சாதாரணமாக இருந்தது, கணக்கில் சந்தேகம் கேட்கிற குரல். “அப்பாவுக்கு என்ன நோயி?”

பொத்தான்காரிக்குக் கேட்டது காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தது. “என்னது?”

“செத்துப் போனாருன்னு சொன்னீங்கல்ல. என்ன நோயின்னு சொல்லுங்க. நாளைக்குக் குழு கேட்டா, நீங்க ஒண்ணு நான் ஒண்ணு சொல்லக் கூடாதுல்ல?”

பின்னால் பைக்கில் வந்த ஆள் வழி விடச் சொல்லி ஹாரன் அடித்தான். இரண்டு பேரும் நகரவில்லை. மகள் பதிலுக்காக நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

படித்துவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். அந்தத் தாய் அந்த நடுத்தெருவில் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? ஏதாவது ஒரு நோயின் பெயரைச் சொல்லிப் பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றுவதா, உண்மையைச் சொல்லிப் பிள்ளையைக் காப்பாற்றுவதா? பிள்ளை வளர்ப்பவர்களும் பாடம் நடத்துபவர்களும் உங்கள் மனதில் பட்டதைக் கீழே எழுதுங்கள். ‘அருமை’ என்று ஒற்றைச் சொல் போடாமல் ஒரு பதில் எழுதுங்கள், தயவுசெய்து.